பதிவு யார் பெட்டியில்?

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை பிற்பகல். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏழாயிரம்பண்ணை காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று சுற்றுவட்டார வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் காட்சிகள் ஓடின. புகை, விட்டுவிட்டுக் கேட்கும் வெடிச்சத்தம், பதறி ஓடுகிறவர்கள், ஆம்புலன்ஸ். வழக்குக்கு வேண்டிய எதுவும் அவற்றில் இல்லை. வெடித்த அறைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? என்ன மருந்தை எந்த அளவில் கலந்தார்கள்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையை நடத்திக்கொண்டிருந்தவர்கள் யார் யார்? மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமம் பெற்ற அந்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பது விசாரணையில்தான் வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

படம் பிடிப்பதற்கு ஆளும் கருவியும் இல்லாத ஊர் இன்று இல்லை. டீக்கடை, அடகுக்கடை, பெட்ரோல் பங்க், தீப்பெட்டி ஆபீஸ் வாசல், புதிதாகக் கட்டிய வீட்டு மாடி என்று எங்கே திரும்பினாலும் ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சட்டைப் பையிலும் இன்னொன்று. ‘எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கு’ என்ற ஒரு வாக்கியம் பஞ்சாயத்தையே முடித்துவைக்கும் அளவுக்கு அதன்மீது ஊருக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பட்டாசுப் பகுதியில் வைத்துப் பார்ப்பது நல்லது. குற்றமும் விபத்தும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கிற மண் இது. இங்கே ஒருவர் இறந்தால் அது விதி என்பார்கள், கவனக்குறைவு என்பார்கள். குற்றம் என்று சொல்ல யாருக்கும் எளிதில் வாய் வராது.

முதலில் பக்கத்து மாவட்டத்துக்குப் போவோம். 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குள் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் என்ன பாடு பட்டார்கள் என்பதைத் தமிழ்நாடே அறியும். இருவரும் அடைக்கப்பட்டது கோவில்பட்டி கிளைச் சிறையில், உயிர்விட்டது கோவில்பட்டி அரசு மருத்துவமனையில். முதல் தகவல் அறிக்கை, அவர்கள் கடை வாசலில் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டதாகச் சொன்னது. பக்கத்துக் கடையொன்றின் கேமரா பதிவு வெளியானதும் அந்தக் கதை அன்றே செத்தது. கூட்டம் இல்லை, தகராறு இல்லை, உருளவும் இல்லை. தெருவில் நடந்ததாகச் சொன்னதைப் பொய்யென்று காட்ட ஒரு வியாபாரியின் கேமரா போதுமானதாக இருந்தது.

காவல் நிலையத்துக்குள்ளும் கேமராக்கள் இருந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் தன் அறிக்கையில் ஒரு விவரத்தை எழுதினார். பதிவுப் பெட்டியின் வட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனாலும் அன்றன்றைய காட்சிகள் தாமாகவே அழியும்படி அமைப்பு மாற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவின் காட்சி ஒன்றுகூட இல்லை. விசாரணைக்கு வந்த நடுவரையே அங்கிருந்த காவலர்கள் மதிக்காமல் பேசினார்கள். உயர் நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. கடைசியில் அந்த இரவைப் பற்றிப் பேசியது கேமரா இல்லை, அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்து நடுங்கியபடிதான் அவர் சாட்சி சொன்னார் என்று நடுவரின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

தெருவில் இருந்த கேமராவும் நிலையத்துக்குள் இருந்த கேமராவும் தரத்தில் வேறு வேறாக இருந்திருக்கலாம். வழக்கின் போக்கை மாற்றியது அந்தத் தர வித்தியாசம் இல்லை. ஒன்றின் பெட்டி வியாபாரியின் கல்லாவுக்குக் கீழே இருந்தது. இன்னொன்றின் பெட்டி குற்றம் சாட்டப்பட்டவர்களின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த ஆண்டே டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி ரோஹின்டன் நாரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உத்தரவிட்டது. வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்பக்கம் என்று இடங்களையே பட்டியல் போட்டது. ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. நல்ல உத்தரவு. ஆனால் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதாரண கேமரா ஒன்று விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் பதிவு செய்தால் நாளொன்றுக்கு 21 ஜி.பி.க்கு மேல் ஆகும். பன்னிரண்டு கேமராவுக்கு 18 மாதம் என்றால் 140 டெராபைட். புதிய சுருக்க முறையில் பாதியாகக் குறைத்தாலும் 70. சாத்தான்குளத்தில் இருந்தது ஒன்று. பணம் ஒதுக்கி, வட்டு வாங்கி, அது பழுதானால் அன்றே மாற்றி, இதற்கெல்லாம் ஒரு பொறுப்பாளரை வைத்தால்தான் அந்த உத்தரவுக்கு உயிர். 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் சில மாதங்களுக்குள் 11 பேர் காவலில் இறந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, உச்ச நீதிமன்றம் மறுபடியும் தானாகவே இதைக் கையில் எடுக்க வேண்டி வந்தது.

கடைக்காரர் பெட்டிக்கு வருவோம். நான்கு கேமரா, ஒரு டெராபைட் வட்டு என்றால் மேற்சொன்ன கணக்குப்படி பதினோரு நாள், கூடிப்போனால் பன்னிரண்டு நாள் தாங்கும். பதின்மூன்றாம் நாள் முதல் நாளின்மீது பதிவு ஏறிவிடும். சங்கிலிப் பறிப்பு என்றால் அதே நாளில் போலீஸ் வந்துவிடும். மெல்ல வெளியே வரும் குற்றங்கள், அதாவது மிரட்டல், பாலியல் சீண்டல், காவலில் அடி, புகார் கொடுப்பதற்கே தைரியம் திரட்ட வேண்டியவை, பன்னிரண்டு நாளுக்குள் அடங்குவதில்லை. அழிகிற வேகம் யாருக்குச் சாதகம் என்று யோசித்தால் கேமராவின் பாரபட்சம் புரியும்.

பதிவை எடுக்கும் விதமும் பார்க்க வேண்டியது. கடைக்குப் போன காவலர் பெரும்பாலும் தன் கைபேசியை எடுத்து, டி.வி. திரையில் ஓடுவதை அப்படியே படம் பிடித்துக்கொண்டு போவார். பெட்டியில் காட்டும் மணி அரை மணி நேரம் முந்தியோ பிந்தியோ இருக்கும். மின்சாரம் போய் வந்தபோது மாறியது, யாரும் திருத்தவில்லை. இந்தக் கைபேசிப் படம் விசாரணைக்கு உதவும், டி.வி.க்கும் போகும். நீதிமன்றத்தில் ஏறுவது வேறு விஷயம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும் என்றது. 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. இப்போது சான்றிதழ் இரண்டு பகுதி. கருவியை வைத்திருப்பவர் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் ஒருவர் மற்றதில். பதிவு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்ட ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் எந்த எண்ணைக் கண்டார்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், எதிராளி ஊர்க்காரனாக இருப்பான். ‘கேமரா ரிப்பேர் சார்’ என்று அவர் சொன்னால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தாலும் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். கோகுல்ராஜ் கொலை வழக்கைவிட இதற்குக் கூர்மையான உதாரணம் இல்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பதிவான காட்சிதான் அந்தக் கொலை வழக்கின் முதுகெலும்பு. கோகுல்ராஜுடன் அன்று கோயிலுக்குப் போன பெண் பிறழ் சாட்சியானார். மேல்முறையீட்டில், 2022 நவம்பரில், நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் அவரைத் திரும்ப அழைத்து அந்தக் காட்சியைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். திரையில் இருப்பது தான் இல்லை என்றார் அவர். நீதிபதிகள் திருச்செங்கோட்டுக்கே போனார்கள். கேமராக்கள் இருந்த இடங்களையும் பிரகாரத்தையும் வாசல்களையும் நேரில் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று முக்கியக் குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். படம் தானே பேசும் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். அந்தச் சில நிமிடக் காட்சியைப் பேச வைக்க எட்டு வருடமும், மலையேறிப் பார்க்கத் தயாராக இருந்த இரண்டு நீதிபதிகளும் தேவைப்பட்டார்கள்.

உடுமலைப்பேட்டை இன்னொரு பாடம். 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும் அவர் மனைவி வெட்டுப்பட்டதும் கேமராவில் பதிவாயின. வெட்டியவர்கள் கேமராவைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கேமரா இருந்தால் குற்றவாளி பயப்படுவான் என்ற கணக்கு இங்கே பொய்த்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வெட்டியவர்களின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது, சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த, சங்கர் மனைவியின் தந்தையை விடுவித்தது. தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் தனி. காட்சியில் வெட்டியவர்களின் கை இருந்தது. ஏவியவர் யார் என்பதற்குத் தொலைபேசித் தொடர்பு, பணம் கைமாறிய கணக்கு, நேரில் கண்டவர் என்று வேறு சாட்சியம் வேண்டும். கேமரா பெருகப் பெருக விசாரணை அதிகாரிக்குக் கை கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் மற்றதைத் தேடும் உழைப்பு குறைந்துவிடுமோ என்பது என் பயம்.

பட்டாசு ஆலை வழக்கு எல்லாவற்றிலும் இந்தப் பிரச்சினை உண்டு. ‘போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு’ என்பது நம் மாவட்டப் பத்திரிகைப் பக்கங்களுக்குப் பழகிப்போன தலைப்பு. போர்மேன் கண்ணுக்குத் தெரிகிற ஆள். உள்குத்தகை ஒப்பந்தத்தை எந்தக் கேமராவும் படம் பிடிப்பதில்லை.

உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளும் கேமராவின் சக்தியை அளவோடுதான் மதிக்கின்றன. எரிக் பைசா, பிரண்டன் வெல்ஷ், டேவிட் ஃபேரிங்டன், ஆமி தாமஸ் ஆகிய நால்வர் நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட முடிவு: கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பங்கு வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. குற்றம் நடந்த பிறகு துப்புத் துலக்குவதில் நிலைமை கொஞ்சம் மேல். பிரிட்டன் ரயில்வே போலீசின் இரண்டரை லட்சம் குற்றங்களை மேத்யூ ஆஷ்பி ஆராய்ந்தபோது, 45 சதவீத வழக்குகளில் காட்சி கிடைத்தது, 29 சதவீதத்தில் அது உபயோகப்பட்டது. ரயில் நிலையம் முழுக்கக் கேமரா வைத்த நாட்டில் இந்த நிலை. 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் சுவாதி கொலையானபோது நடைமேடையில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்து வீடுகளின் பதிவுகளைத்தான் போலீஸ் தேடியது. சென்னை முழுக்கக் கேமரா நட்ட ‘மூன்றாவது கண்’ திட்டத்துக்குப் பின்னால் அந்தக் கொலை கிளப்பிய பீதியும் இருந்தது.

இனி, கேமரா குடிமகன் கையில் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூன் 28 அன்று போலீஸ் விசாரணையில் இறந்தார். ஒரு காரில் இருந்த நகை காணாமல் போன புகார். சீருடை அணியாத தனிப்படைக் காவலர்கள் கோயிலுக்குப் பின்னால் வைத்து அவரைக் கம்பால் அடிக்கும் காட்சியை, கழிவறைக்குள் ஒளிந்திருந்த ஒருவர் கைபேசியில் எடுத்தார். பயத்தில் சில விநாடிகளுக்கு மேல் எடுக்க முடியவில்லை. அந்தச் சில விநாடி போதுமானதாக இருந்தது. காவலர்கள் கைதானார்கள், மதுரைக் கிளை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எடுத்தவர் தன் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டி வந்ததும் அதே வாரத்தில்தான். மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கடைசி நிமிடங்களைப் படம் எடுத்த டார்னெல்லா ஃப்ரேசியருக்கு அப்போது 17 வயது. அவரது காட்சி இல்லாவிட்டால் 2021 ஏப்ரலில் வந்த ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு வந்திருக்காது. இரண்டு சம்பவத்துக்கும் பொதுவானது, பதிவு அழிக்கக்கூடியவர்களின் கைக்கு எட்டுவதற்கு முன் ஊருக்குள் போய்விட்டது என்பது.

2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில், வேன்மீது ஏறி நின்று சீருடை இல்லாத காவலர் துப்பாக்கியைக் குறிபார்த்த காட்சியும் அப்படித்தான் நிலைத்தது. செய்திக் கேமரா எடுத்தது. அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆனது. அதற்குள் ஜனங்கள் அந்தக் காட்சியைப் பார்த்துத் தங்கள் தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

பட்டாசுப் பகுதியிலும் இதைக் கண்டோம். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் ஆலை வெடித்து ஒன்பது பேர் பலியானார்கள். அதைத் தொடர்ந்து, இழப்பீடு கேட்டு நின்ற உறவினர்களிடம் உயர் காவல் அதிகாரி ஒருவர் மிரட்டும் தொனியில் பேசுவதை யாரோ கைபேசியில் எடுத்துப் பரப்ப, கடும் கண்டனம் எழுந்தது. துக்கத்தில் நிற்கிறவர்களிடம் அதிகாரம் எப்படிப் பேசும் என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. புதிது, அது வெளியே கேட்டது.

ஆனால் ஆலைக்குள் அந்தக் கைபேசி போக முடியாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வைக்கவும் வேண்டும். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் இருக்கிற இடத்தில் பேட்டரிப் பொறிக்கு இடமில்லை. மருந்து அறைகளுக்குள் மின்விளக்கே கிடையாது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஆக, எந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து அதிகமோ, அந்த இடத்தில் குடிமகனின் கேமராவுக்குத் தடை, அதுவும் நியாயமான தடை. மடப்புரத்தில் நடந்தது மாதிரி ஒரு பதிவு ஒரு பட்டாசு ஆலைக்குள்ளிருந்து வர வழியில்லை. மிஞ்சுவது முதலாளியின் கேமரா. அதன் பெட்டி முதலாளியின் அறையில்.

இதை மாற்ற முடியும் என்பது என் கட்சி. காரணம், பட்டாசு ஆலையின் குற்றம் பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள், சீசனில் மாதக்கணக்கில் தினமும். அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை நடக்கிறது. காயவைத்த மணிமருந்து களத்திலேயே கிடக்கிறது. வெடித்த பிறகு அறையும் இல்லை, ஆளும் இல்லை. உராய்வு என்று ஒரு சொல்லை எழுதி, பழியை இறந்துபோன தொழிலாளியின் கைமேல் போட்டுவிட முடிகிறது. இந்த மீறல்களைப் பார்க்கக் கேமரா அறைக்குள் போகவே வேண்டாம். தள்ளி ஒரு கம்பத்தில் நின்று அறையின் வாசலைப் பார்த்தால் போதும், எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு இன்று கணினியே போதும், முகம்கூடத் தெரிய வேண்டியதில்லை.

இந்த எண்ணிக்கைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. வெடித்த பிறகு முதலில் எழும் கேள்வி, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பது. வருகைப் பதிவேட்டில் ஏறாத கூலியாட்கள் நிறையப் பேர். அப்படி ஒருவர் இறந்தால், அவர் அன்று அங்கே வேலையில்தான் இருந்தார் என்று நிரூபிப்பது குடும்பத்தின் பாடு. காலையில் ஆலை வேன் இறக்கிவிட்டதை வாசல் கேமரா பார்த்திருக்கும். அந்த ஒரு காட்சி இழப்பீட்டு வழக்கில் ஒரு பதிவேட்டைவிடப் பெரிய ஆதாரம். அது ஆலை அலுவலகப் பெட்டியில் மட்டும் இருக்கிறவரை அந்தக் குடும்பத்துக்கு இருந்தும் இல்லாத மாதிரி.

எனவே பெட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும். தொழிலகப் பாதுகாப்புத் துறையோ, பட்டாசுக்கென்றே இருக்கும் தனி வட்டாட்சியர் அலுவலகமோ அன்றன்றைய பதிவின் நகலை வாங்கி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2015இல் டோமாசோ புரூனோ வழக்கில், கைவசம் இருக்க வேண்டிய கேமரா பதிவைக் காட்டாத தரப்புக்கு எதிராகவே முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அது வாரணாசியில் ஒரு விடுதி அறையில் நடந்த மரணம், காட்டாமல் விட்டது அரசுத் தரப்பு. பதிவைத் தராத ஆலை முதலாளிக்கும் அதே தர்க்கத்தை உரிம நிபந்தனையாக எழுதிவிடலாம்.

சட்டம் இந்தத் திசையில் ஒரு அடி வைத்திருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையும் பறிமுதலும் நடக்கும்போது ஒலியோடு படம் பிடித்து, தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கம் இதன் பொருளை உடனே உணர்வார்கள். அனுமதியில்லாமல் வீட்டில் கருந்திரி திரித்ததாகவும் சரவெடி பின்னியதாகவும் இங்கே வழக்குகள் சாதாரணம். முன்பு மகஜரில் கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் கையெழுத்துப் போட்டால் பறிமுதல் முடிந்தது. இத்தனை குரோஸ் என்று எழுதியதுதான் கணக்கு. இனி எந்த அறையில், எந்த மூட்டையில், எவ்வளவு என்று படத்தில் தெரிய வேண்டும். வீட்டில் இருந்த கிழவியை மிரட்டினார்களா என்பதும் அதில் விழும். படம் எடுப்பது போலீஸ் கைபேசிதான், எப்போது ஆரம்பிப்பது எப்போது நிறுத்துவது என்பதும் அவர்கள் விரலில்தான். இருந்தாலும் நடுவரிடம் போய்ச் சேர்ந்த பதிவை அப்புறம் அழிக்க முடியாது. அந்த அளவில் இது மகஜரைவிட நூறு மடங்கு மேல்.

ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் ஆட்கள் இடத்துக்கு வந்து படம் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. ஆலை வெடிப்பை, வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதாக மட்டும் பதிந்தால் தண்டனை ஆறு மாதம்தான், இந்தக் கட்டாயம் எழாது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகப் பதிந்தால் எழும். ஆக, எந்தப் பிரிவில் வழக்கு என்று நிலைய எழுத்தர் எழுதும் முதல் வரிதான் கேமரா வருமா வராதா என்பதையும் முடிவு செய்கிறது.

வெளியே எடுக்கும் படத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை தீப்பிடித்தபோது, முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் அடுத்த பெருவெடியில் ஏராளமாக மாண்டார்கள். உதவப் போனவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள். இன்று அந்தக் கூட்டத்தில் பாதி கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நிற்கும். புகை தெரிந்தால் அரை கிலோமீட்டர் தள்ளி நில் என்பதைத் தீயணைப்புத் துறை ஒவ்வொரு வருடமும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாசல் கேமராவுக்கு முதல் எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து வரும், அதை எதிர்பார்க்கலாம். இரண்டாவது எதிர்ப்பு தொழிலாளர்களிடமிருந்தே வரும், அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே பல வேலைக்கும் கூலி எண்ணிக்கைக்குத்தான். தீபாவளிக்கு முன்னால் கூட ரெண்டு கை இருந்தால்தான் ஒரு குடும்பத்துக்குக் கடன் அடையும், அக்காளும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்வதும் அதனால்தான். அறைக்கு நான்கு பேர் என்று கேமரா கண்டிப்பாக எண்ணத் தொடங்கினால் ஐந்தாவது ஆள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவர் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை, கருந்திரி திரிப்பார், கேமராவே இல்லாத இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில். அறைகளைக் கூட்டிக் கட்டி, கூலியை நாள் கணக்குக்கு மாற்றாமல் கம்பத்தில் கேமரா மட்டும் ஏற்றினால், வெடிக்கும் இடம் ஆலையிலிருந்து வீட்டுக்கு மாறும்.